ஒரே பாறைக்கு 185 கோடி ஆண்டும் 10 லட்சம் ஆண்டும் எப்படி வயதாக முடியும்?

இமயமலையின் மேற்குக் கோடியில் இருக்கும் நங்கா பர்பத் மலையின் நைஸ் பாறைகளை (சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறைகளை)ப் பற்றிப் படித்த ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "அந்தப் பாறையிலுள்ள ஜிர்கான் என்ற கனிமம் சுமார் 185 கோடி ஆண்டு என்கிறது. அதே பாறையிலுள்ள கறுப்பு மைக்கா சுமார் 10 லட்சம் ஆண்டு என்கிறது. இதில் எது சரி? இப்படி முரண்படும் எண்களை வைத்துக்கொண்டு மலை உயர்ந்த வரலாற்றை எப்படி எழுதுகிறார்கள்?"

இரண்டும் சரி. முரண்பாடு எதுவும் இல்லை. 'வயது' என்ற சொல்தான் இங்கே நம்மை ஏமாற்றுகிறது. வயது என்றதும் பிறந்த நாளிலிருந்து எண்ணுவதாக நினைத்துக்கொள்கிறோம். ஜிர்கானைப் பொறுத்தவரை அது கிட்டத்தட்ட உண்மை. மைக்காவைப் பொறுத்தவரை இல்லை. அந்த 10 லட்சம் ஆண்டு, மைக்கா எப்போது உருவானது என்பதைச் சொல்லவில்லை. அது எப்போது சுமார் 300 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஆறியது என்பதைச் சொல்கிறது.

ஒரு மண் உண்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். தினமும் ஒரு ரூபாய் போடுகிறீர்கள். ஆனால் அடியில் ஓட்டை. போடுவதெல்லாம் விழுந்துவிடுகிறது. ஒரு நாள் யாரோ அந்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள். அதற்கப்புறம்தான் காசு சேரத் தொடங்குகிறது. பின்னொரு நாள் உடைத்துப் பார்த்தால் 300 ரூபாய் இருக்கிறது என்றால், உண்டியல் வாங்கி 300 நாள் ஆனது என்று அர்த்தமில்லை, ஓட்டை அடைபட்டு 300 நாள் ஆனது என்றுதான் அர்த்தம்.

மைக்காவில் இருக்கும் பொட்டாசியம்-40 கதிரியக்கம் உள்ள பொட்டாசிய வகை. அதன் அரையாயுள் சுமார் 125 கோடி ஆண்டு. சிதையும் அணுக்களில் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் அதிகமானவை ஆர்கான்-40 ஆகின்றன. ஆர்கான் மந்த வாயு. எதனோடும் பிணையாது, படிகத்துக்குள் சும்மா மாட்டிக்கொண்டிருக்கும். பாறை ஆழத்தில் சூடாக இருக்கும்வரை அணுக்களின் அதிர்வில் இடைவெளி கிடைத்து, ஆர்கான் மெல்ல நகர்ந்து வெளியேறிவிடும். அதுதான் ஓட்டை. பாறை ஆற ஆற அந்த நகர்வு மந்தமாகி, ஒரு கட்டத்தில் நின்றேபோகும். அந்தக் கட்டத்துக்குத்தான் மூடல் வெப்பநிலை என்று பெயர்.

ஒவ்வொரு கனிமத்துக்கும், ஒவ்வொரு தனிம இணைக்கும் இந்த வெப்பநிலை வேறு. நம் வீட்டு அடுப்பங்கரையிலேயே இது நடக்கிறது. கார்த்திகை பிறந்ததும் முதலில் நெய் கட்டிப்படும். மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறையும். நல்லெண்ணெய் அப்போதும் அசையாமல் திரவமாகவே நிற்கும். எது எந்தத் தேதியில் உறைந்தது, எது உறையவில்லை என்று குறித்து வைத்தால் ஊரில் குளிர் எப்படி இறங்கியது என்று தெர்மாமீட்டர் இல்லாமலே சொல்லிவிடலாம். பாறையிலும் அதே வேலைதான். ஜிர்கானில், யுரேனியம் சிதைந்து உண்டாகும் ஈயம் அடைபடுவது 900 டிகிரிக்கும் மேலே. ஹார்ன்பிளெண்டில் ஆர்கான் 500 டிகிரியை ஒட்டி. வெள்ளை மைக்காவான மஸ்கோவைட்டில் 400-ஐ ஒட்டி. கறுப்பு மைக்காவான பயோடைட்டில் 300-ஐ ஒட்டி. ஜிர்கானில் ஹீலியம் ஏறக்குறைய 180. அபடைட் கனிமத்தில் பிளவுத் தடம் (அது என்ன என்று பின்னால் சொல்கிறேன்) 110, ஹீலியம் 70. ஒரே கல்லிலிருந்து இத்தனையையும் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றும் அடைபட்ட காலத்தை வரைபடத்தில் வைத்தால் அந்தக் கல் பூமிக்குள்ளிருந்து மேலே வந்த பாதை கிடைக்கிறது.

இப்போது நங்கா பர்பத்தின் எண்கள் புரியும். அந்தப் பாறையின் மூலப்பொருள் 185 கோடி ஆண்டுக்கு முன் படிகமானது. பின்னால் இந்தியத் தட்டு ஆசியாவோடு மோதியபோது அது ஆழத்துக்குப் போய் மறுபடி சூடானது. அந்தச் சூடு மைக்காவின் உண்டியலைக் காலி செய்தது. ஜிர்கான் அசரவில்லை. ஆனால் அதன் விளிம்பில் புதிதாக வளர்ந்த மெல்லிய படலம் சில லட்சம் முதல் சில பத்து லட்சம் ஆண்டு வயதே காட்டுகிறது. அதாவது ஒரே ஜிர்கான் மணிக்குள்ளேயே பழைய நடுவும் புதிய ஓரமும் இருக்கின்றன. மைக்கா மட்டும் நேற்றுத்தான் ஆறியிருக்கிறது. நேற்று என்பது நிலவியலாளர்களின் நேற்று.

இந்தத் துறையின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், கசிவை முதலில் எல்லோரும் குறையாகத்தான் பார்த்தார்கள் என்பது. பாறைக்கு வயது கணிக்க முதன்முதலில், 1900களின் தொடக்கத்திலேயே, ரதர்ஃபோர்டு பயன்படுத்தியது ஹீலியத்தைத்தான். யுரேனியம் சிதையும்போது வரும் ஹீலியத்தை அளந்தால் வயது வந்துவிடும் என்பது கணக்கு. ஆனால் ஹீலியம் கசிந்தது. வயதுகள் குறைவாக வந்தன. "நம்ப முடியாத முறை" என்று ஓரங்கட்டிவிட்டார்கள். பல பத்தாண்டுகள் அது அப்படியே கிடந்தது. 1960களில் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் எமிலி யேகர் என்ற ஆய்வாளர் ஆல்ப்ஸ் மலை மைக்காக்களை ருபீடியம்-ஸ்ட்ரான்சியம் முறையில் அளந்தபோது, பயோடைட் வயதுகள் பாறை உருமாறிய காலத்தைக் காட்டவில்லை, அதற்குப் பின் ஆறிய காலத்தைக் காட்டுகின்றன என்று வாதிட்டார். 1973-இல் மார்ட்டின் டாட்சன் அதற்கு ஒரு சமன்பாடு எழுதினார். மூடல் வெப்பநிலை கல்லில் பொறித்த மாறாத எண் அல்ல. படிக மணியின் அளவு, வாயு நகரும் வேகம், ஆறும் வேகம் எல்லாம் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன என்பது அதன் சாரம். பெரிய மணியிலிருந்து வாயு வெளியேறக் கூடுதல் தூரம் போக வேண்டும், எனவே அது கொஞ்சம் அதிகச் சூட்டிலேயே அடைபடும். வேகமாக ஆறினாலும் அப்படித்தான். 1987-இல் பீட்டர் ஸைட்லரும் அவருடைய சகாக்களும் அபடைட்டின் ஹீலியக் கசிவையே கருவியாக்கலாம் என்று காட்டினார்கள். 80 ஆண்டு கழித்துக் குறையே பலமானது.

பிளவுத் தடம் என்று மேலே சொன்னேன், அதைக் கிட்டத்தில் பார்த்தால்தான் ருசி. யுரேனியம்-238 பெரும்பாலும் ஆல்ஃபா துகளை விட்டுச் சிதையும். அப்படிச் சுமார் 18 லட்சம் அணுக்கள் சிதைந்தால் ஒன்று மட்டும் இரண்டாகப் பிளந்து, இரு துண்டுகளும் எதிரெதிர்த் திசையில் பாய்ந்து படிகத்தில் ஒரு நேர்க்கோட்டுக் காயத்தை உண்டாக்கும். அபடைட்டில் புதிய காயத்தின் நீளம் ஏறக்குறைய 16 மைக்ரான், அதாவது தலைமுடியின் தடிமனில் கால்வாசி. அப்படியே பார்த்தால் தெரியாது. எனவே கல்லை நொறுக்கி, சலித்து, கன திரவத்தில் மிதக்கவிட்டு, காந்தத்தால் பிரித்து அபடைட்டைத் தனியாக்குவார்கள். அரிசியில் கல் பொறுக்குவதற்கு நேர் எதிர் வேலை: பத்து கிலோ கல்லில் ஒரு சிட்டிகை தேறும். அதை எபாக்ஸிப் பசையில் பதித்து, வழவழப்பாக மெருகேற்றி, நைட்ரிக் அமிலத்தில் சரியாக 20 நொடி அமிழ்த்துவார்கள். காயம்பட்ட இடத்தை அமிலம் வேகமாக அரிக்கும். ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் கண்ணாடித் தரையில் ஊசிகளைக் கொட்டிவைத்ததுபோல் இருக்கும். அவற்றை எண்ணுவதுதான் வேலை. சாயங்காலம் கண்ணை மூடினாலும் ஊசிகள் தெரியும்.

எத்தனை தடம், எவ்வளவு யுரேனியம் என்பதிலிருந்து வயது வரும். ஆனால் விஷயம் எண்ணிக்கையில் மட்டும் இல்லை, நீளத்திலும் இருக்கிறது. 120 டிகிரிக்கு மேலே காயம் முற்றிலும் ஆறி மறைந்துவிடும். 60 டிகிரிக்குக் கீழே பெரும்பாலும் அப்படியே நிற்கும். இடைப்பட்ட சூட்டில் காயம் இரு நுனியிலிருந்தும் சுருங்கும். ஆகவே ஒரு மணியில் எல்லாத் தடமும் 14 மைக்ரானுக்கு மேல் நீளமாக இருந்தால் அந்தப் பாறை இடைப்பட்ட மண்டலத்தை விறுவிறுவென்று கடந்து வந்திருக்கிறது. குட்டையும் நெட்டையும் கலந்திருந்தால் அங்கேயே நெடுநாள் தங்கியிருக்கிறது. வயது ஒரு தேதியைத் தருகிறது. நீளமோ பயணத்தின் வேகத்தையே தருகிறது. நீள அளவீடு இல்லாமல் பிளவுத்தட வயதை மட்டும் யாராவது நீட்டினால் நான் பாதிதான் நம்புவேன்.

சரி, இதை வைத்து மலை உயர்ந்த கதையை எப்படி எழுதுகிறார்கள்? இங்கேதான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள்.

எளிய கணக்கு இப்படி. ஓர் அபடைட்டின் தடவயது 50 லட்சம் ஆண்டு. அது 110 டிகிரியைக் கடந்தது அப்போது. நிலப்பரப்பு 10 டிகிரி. பூமிக்குள் போகப் போகக் கிலோமீட்டருக்கு 25 டிகிரி சூடு ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், அந்தக் கல் அன்று இருந்த ஆழம் 4 கிலோமீட்டர். 50 லட்சம் ஆண்டில் 4 கிலோமீட்டர் என்றால் ஆண்டுக்கு 0.8 மில்லிமீட்டர். ஒரு மாணவர் பேருந்துச் சீட்டின் பின்பக்கத்திலேயே போட்டுவிடலாம்.

இதே கணக்கை நங்கா பர்பத் மைக்காவுக்குப் போட்டுப் பாருங்கள். 300 டிகிரி, 10 லட்சம் ஆண்டு: ஆழம் ஏறக்குறைய 11.6 கிலோமீட்டர், ஆண்டுக்கு 11.6 மில்லிமீட்டர். பிரமிப்பாக இருக்கிறது. ஆனால் பாறை இவ்வளவு வேகமாக மேலே வந்தால் அது தன் சூட்டையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வரும். அடுப்பிலிருந்து இறக்கிய இட்லியை உடனே பிட்டால் உள்ளே சுடுகிறதே, அதுபோல். மேற்பரப்புக்குக் கிட்டத்திலேயே சூடு தேங்கி நிற்கும். அந்த மலையடிவாரத்தில் காரகோரம் நெடுஞ்சாலையை ஒட்டி ஓர் இடத்துக்குத் தத்தா பானி என்றே பெயர். சுடுதண்ணீர் என்று பொருள். வெந்நீர் ஊற்றுகள் அங்கே பாறையிடுக்கிலிருந்து வருகின்றன. அங்கே கிலோமீட்டருக்கு 60 டிகிரி என்று வைத்துக் கணக்கிட்டால் ஆழம் 5 கிலோமீட்டருக்கும் கீழே வந்துவிடும், வேகமும் பாதிக்கு மேல் குறைந்துவிடும். அப்போதும் அது உலகிலேயே வேகமாக அரிபட்டுத் தோலுரியும் இடங்களில் ஒன்றுதான். ஆனால் 11.6 என்று எழுதிவைப்பது தவறு. இதனால்தான் ஒரே கல்லில் இரண்டு கனிமங்களை அளப்பதை நான் எப்போதும் பரிந்துரைப்பேன். மஸ்கோவைட் 400-இல் அடைபட்ட காலம், பயோடைட் 300-இல் அடைபட்ட காலம், இரண்டுக்கும் இடைவெளி எவ்வளவு என்று பார்த்தால் ஆறும் வேகம் நேரடியாக வந்துவிடும். ஆழத்தைப் பற்றிய ஊகமே தேவையில்லை.

இரண்டாவது வழுக்கல் இதைவிடப் பெரியது. கல் ஆறியது என்பதால் மலை உயர்ந்தது என்று ஆகிவிடாது. கல் மேற்பரப்பை நெருங்கியது என்றுதான் ஆகும். மேலே இருந்த பாறையை ஆறும் பனியாறும் அரித்துக்கொண்டு போனால், மலை ஓர் அங்குலம்கூட உயராமலே கீழிருக்கும் கல் ஆறிவிடும். பாறை உயர்வது, நிலப்பரப்பு உயர்வது, மேலிருப்பது அரிபடுவது மூன்றும் தனித்தனி. 1990-இல் பிலிப் இங்லண்டும் பீட்டர் மோல்னாரும் இதைத் தெளிவாகப் பிரித்து எழுதிய பிறகும்கூட, 'உயர்வு' என்ற ஒற்றைச் சொல்லில் மூன்றையும் குழப்பும் பழக்கம் போகவில்லை.

மூன்றையும் பிரித்துக் காட்ட அலாஸ்காவின் தெனாலியை விட நல்ல இடம் எனக்குத் தெரியாது. வட அமெரிக்காவின் மிக உயரமான மலை, 6,190 மீட்டர். அதன் கிரானைட் உருவாகி சுமார் 5.6 கோடி ஆண்டு. பால் ஃபிட்ஸ்ஜெரால்டும் அவருடைய குழுவும் மேற்குச் சரிவில் உச்சியிலிருந்து சுமார் 2,000 மீட்டர் உயரம்வரை படிப்படியாகக் கல் எடுத்து அபடைட் தடங்களை எண்ணினார்கள். உச்சியில் வயது ஏறக்குறைய 1.6 கோடி ஆண்டு. கீழே சுமார் 40 லட்சம். உச்சிக் கல்தான் முதலில் ஆறும், எனவே மேலே மூத்தது, கீழே இளையது என்பதில் ஆச்சரியம் இல்லை.

ஆச்சரியம் நடுவில் இருக்கிறது. உச்சியிலிருந்து 4,500 மீட்டர் உயரம்வரை இறங்கும்போது வயது மளமளவென்று குறைந்து சுமார் 60 லட்சத்துக்கு வந்துவிடுகிறது. அதற்குக் கீழே 2,500 மீட்டர் இறங்கினாலும் வயது கொஞ்சம்தான் மாறுகிறது. வரைபடத்தில் முழங்கை மடக்கியதுபோல் ஒரு மடிப்பு. மடிப்புக்கு மேலே உள்ள கற்களில் தடங்கள் குட்டையும் நெட்டையுமாகக் கலந்திருக்கின்றன. கீழே உள்ளவற்றில் எல்லாம் நெட்டை. இதைப் படிப்பது எளிது: 60 லட்சம் ஆண்டுக்கு முன்வரை இந்தப் பாறைகள் ஆழத்தில் அசையாமல் கிடந்தன. மேலே இருந்தவை தடம் பாதி அழியும் மண்டலத்தில், அதற்குக் கீழே இருந்தவை தடமே நிற்காத சூட்டில். பிறகு எல்லாம் ஒட்டுமொத்தமாகக் கிளம்பின. மடிப்பு என்பது அன்று சுமார் 110 டிகிரியில் இருந்த இடம். மடிப்புக்கு மேலே உள்ள சரிவை வேகமாக எடுத்துக்கொண்டு "ஆண்டுக்கு 0.17 மில்லிமீட்டர்" என்று கணக்குப் போட்டால் அது வேகமே இல்லை, அந்தச் சரிவு பாதி அழிந்த தடங்களின் சாயல் மட்டும்தான்.

இப்போது மூன்றையும் பிரிக்கலாம். அன்று மேற்பரப்பிலிருந்து 4 கிலோமீட்டருக்கும் கீழே இருந்த மடிப்பு இன்று கடல்மட்டத்துக்கு மேலே 4,500 மீட்டரில் நிற்கிறது. ஆக, பாறை உயர்ந்தது சுமார் 8.5 கிலோமீட்டர். அதில் சுமார் 5.7 கிலோமீட்டரை அரிப்பு சாப்பிட்டுவிட்டது. மிச்சம் 2.8 கிலோமீட்டர்தான் நிலப்பரப்பின் சராசரி உயர்வு. கனிமம் மட்டும் இதைச் சொல்லவில்லை. அன்று நிலம் என்ன உயரத்தில் இருந்தது என்பதை வேறு சான்றுகளிலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது. அதைச் செய்யாமல் 8.5-ஐ மலையின் உயர்வு என்று எழுதியிருந்தால் மூன்று மடங்கு தப்பு.

கனிமங்கள் பொய் சொல்வதும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பயோடைட்டில் வெளியிலிருந்து வந்த ஆர்கான் புகுந்துகொள்ளும். இமயமலைக் கற்களில் இது அடிக்கடி வரும் தொல்லை. கண்டுபிடிக்க ஒரு சுலப வழி: ஒரே கல்லில் 300-இல் அடைபடும் பயோடைட், 400-இல் அடைபடும் மஸ்கோவைட்டைவிட மூத்ததாக வந்தால் சந்தேகமே வேண்டாம், அந்த பயோடைட்டைத் தூக்கிப் போடுங்கள். தம்பிக்கு அண்ணனைவிட வயது கூட இருக்க முடியாது. அபடைட்டில் வேறு சிக்கல். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத ஜிர்கான் துணுக்கு ஒன்று ஒளிந்திருந்தால், அதன் யுரேனியம் ஹீலியத்தைக் கொட்டிக்கொண்டே இருக்கும். பிறகு அபடைட்டை நைட்ரிக் அமிலத்தில் கரைக்கும்போது ஜிர்கான் கரையாது. ஹீலியம் கணக்கில் வந்துவிடும், அதைத் தந்த யுரேனியம் வராது. வயது எகிறிவிடும். எனவே ஒவ்வொரு மணியையும் நுண்ணோக்கியில் உருட்டி உருட்டிப் பார்த்து, கற்கண்டு மாதிரித் தெளிவாக இருப்பதை மட்டும் எடுப்பார்கள். அப்புறம் ஆல்ஃபா துகள் சுமார் 20 மைக்ரான் தூரம் பாய்வதால், மணியின் ஓரத்தில் பிறக்கும் ஹீலியத்தில் ஒரு பங்கு பிறக்கும்போதே வெளியே போய்விடும். அதற்கும் திருத்தம் போட வேண்டும். காட்டுத்தீகூட மேற்பரப்பில் கிடக்கும் கல்லின் அபடைட் உண்டியலைக் காலி செய்துவிடும். அதனால் கல் எடுக்கப் போகிறவர்கள் மேல்தோலை உடைத்துப் போட்டுவிட்டு உள்ளிருந்து எடுப்பது நல்லது.

கேள்வியில் இல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது நமக்குக் கிட்டத்தில் இருக்கிறது. மலையில் இன்று கிடக்கும் கல் இன்றைய கதையைத்தான் சொல்லும். ஒரு கோடி ஆண்டுக்கு முன் அங்கே வெளியில் தெரிந்த பாறை எப்போதோ மணலாகிப் போய்விட்டது. அந்த மணல் எங்கே போனது? பெருமளவு வங்காள விரிகுடாவில் கொட்டியது. கங்கையும் பிரம்மபுத்திராவும் இறக்கிய இமயமலைச் சேறு கடலடியில் இலங்கையையும் தாண்டித் தெற்கே படர்ந்திருக்கிறது. 1987-இல் கடலடித் துளைக் கப்பல் ஒன்று இலங்கைக்குச் சுமார் 800 கிலோமீட்டர் தெற்கே அந்தப் படிவில் துளையிட்டது. மேலே வந்த மண்ணில் மஸ்கோவைட் செதில்களும் ஃபெல்ட்ஸ்பார் மணிகளும் இருந்தன. பீட்டர் கோப்லண்டும் மார்க் ஹாரிசனும் அவற்றின் ஆர்கானை அளந்தார்கள்.

இங்கே இரண்டு தேதிகள் ஒப்பிடப்படுகின்றன: செதில் மலைக்குக் கீழே ஆழத்தில் ஆறிய தேதி, அது கடலடியில் படிந்த தேதி. பின்னது அடுக்கிலுள்ள நுண்ணுயிர்ப் படிமங்களிலிருந்து தெரியும். இடைவெளி நீளமானால் மலை நிதானமாக அரிபட்டது. இடைவெளி குறைந்தால் படுவேகம். அவர்கள் பார்த்த அடுக்கு ஒவ்வொன்றிலும் ஏதோ சில மணிகளுக்கு இடைவெளி கிட்டத்தட்டப் பூஜ்யம். பல கிலோமீட்டர் ஆழத்தில் சூடாக இருந்த செதில் அடைபட்டு, மேலே வந்து, உடைந்து, ஆற்றில் விழுந்து, சமவெளியைக் கடந்து, கடலடியில் 2,000 கிலோமீட்டருக்கு மேல் உருண்டு இலங்கைக்குத் தெற்கே அடங்குவதற்கு எடுத்துக்கொண்ட காலம், அளவீட்டின் பிழை வரம்புக்குள்ளேயே அடங்கிவிட்டது. அந்தத் துளையின் அடிமட்ட அடுக்கு சுமார் 1.7 கோடி ஆண்டுப் பழையது. அன்றும் இமயமலையின் ஏதோ ஒரு மூலை, இன்றைய நங்கா பர்பத்தைப் போலவே, சூடு ஆறுவதற்குள் தோலுரிந்துகொண்டிருந்தது.